நடையில் படுத்திருக்கும் மாநிலக் கடன்

மாநில அரசின் கடனில் தெய்வாத்தாளுக்கு வந்த பங்கு சாம்பல் நிறத்தில் இருந்தது. எருமைக்கன்று அளவு. கொம்பு இல்லை. தொட்டால் கொஞ்சம் ஈரம்.

பொங்கல் தொகுப்போடு சேர்த்து ரேஷன் கடையில் கொடுத்தார்கள். பாதி வரிசையிலேயே கரும்பு தீர்ந்துவிட்டது. கடன் எல்லோருக்கும் இருந்தது.

"ரேகை வைங்க்கா," என்றான் கடைக்காரன்.

"நான் எந்தக் கடனும் வாங்கலீங்களே."

"நீங்க வாங்கலீங்க. உங்களுக்காக வாங்குனது."

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னு சொல்றவங்களுக்கு ரெண்டு."

ரேகை வைத்தாள். கயிறு கேட்டாள். கயிறு வெளியில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றான். அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று. கடன் அவளுக்கு முன்னால் நடந்தது. வீடு அதற்குத் தெரிந்திருந்தது. தெருவெல்லாம் ஆட்கள் தங்கள் பங்கோடு போய்க்கொண்டிருந்தார்கள். மேட்டு வீட்டுக்காரர் மட்டும் தன் பங்கை டிரைவரின் பங்கோடு சேர்த்து ஓட்டிப்போகச் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தெய்வாத்தாள் படத்தைத் தேடினாள். அரசாங்கம் கொடுத்த எதிலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். அவள் வீட்டு மின்விசிறியில் சீப்புக் கட்சித் தலைவர் சிரித்தபடி சுற்றுவார். மிக்ஸியில் கரண்டிக் கட்சித் தலைவர் கைகூப்பி நிற்பார். கடனின் காதுக்குப் பின்னால் பார்த்தாள். வயிற்றைப் புரட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. அரசாங்கத்திடமிருந்து முகம் இல்லாமல் ஒரு பொருள் வந்தது அதுதான் முதல் தடவை.

தெய்வாத்தாள் தாராபுரத்தில் மெஸ் நடத்தினாள். முன்னால் கூடம், பின்னால் சமையல்கட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு நடை. கடன் அந்த நடையில் போய்ப் படுத்தது. தீனி கேட்கவில்லை. சத்தம் போடவில்லை. காதை மட்டும் கூடத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது.

கூடத்தில் எந்நேரமும் இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அவள் புருஷன் வேலப்பன், சீப்புக் கட்சியின் வட்டச் செயலாளர். இன்னொருவன் அவள் தம்பி மாரப்பன், கரண்டிக் கட்சியின் வட்டச் செயலாளர். அவர்கள் தலைக்கு மேல் 'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்று பலகை தொங்கியது. இருவரும் அதை மதித்தார்கள். 'உங்க ஆட்சியில' என்றால் அரசியல். 'போன தடவ' என்றால் சரித்திரம்.

"போன தடவ வாங்குனதுதான் நடையில படுத்துருக்குது," என்றார் வேலப்பன் சாம்பாரைப் பார்த்து.

"அதுக்கும் போன தடவ வாங்குனதுக்கு இது வட்டிங் மச்சான்," என்றான் மாரப்பன் சட்டைப் பையைப் பார்த்து.

"நாங்க வாங்குனது முதலீடு, மாப்ள."

"நாங்க வாங்குனது முதலீடு. நீங்க வாங்குனதுதான் கடன்."

நடையில் கடன் ஒரு சாண் வளர்ந்தது. அதற்கு இடம் விட்டு நடையும் ஒரு முழம் நீண்டது.

ஒவ்வொரு பேச்சுக்கும் நடை இப்படியே நீள, ஒரு வாரத்தில் சமையல்கட்டிலிருந்து பார்த்தால் கூடம் தீப்பெட்டி அளவு தெரிந்தது. பிறகு தெரியவில்லை. தெய்வாத்தாள் நடுவழியில் ஒரு குடம் தண்ணீர் வைத்தாள். சாம்பார் வாளியோடு கிளம்பிய வேலையாள் பாதியில் மனம் மாறி வேறு வேலைக்குப் போய்விட்டான். இட்லி கூடத்துக்கு வந்து சேரும்போது பொங்கலுக்கு முந்தின நாள் சுட்டதுபோல் இருந்தது.

சூட்டு ஆய்வாளர் வந்தார். சின்னப் பையன்தான். மடிப்புக் கலையாத சட்டை. காதில் பென்சிலுக்குப் பதில் வெப்பமானி செருகியிருந்தார். ஒரு இட்லியில் அதைக் குத்தி எடுத்து, முகம் சுளித்தார்.

"ஆவி வருலீங்க்கா."

"கிளம்பும்போது வந்துதுங்."

"மேசைக்கு வரோணும். அடுத்த திங்கக்கெழம வருவேன். மேசையில ஆவி இல்லீன்னா கடைக்கு சீல் வச்சிருவனுங்க."

"நடைக்கு அந்தப் பக்கம் வந்து குத்திப் பாருங்களே."

"நான் சமையல்கட்டுக்கு ஆய்வாளர் இல்லீங்க. மேசைக்கு ஆய்வாளர்."

அவர் போன பிறகு தெய்வாத்தாள் நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த மெஸ்தான் அவளுக்கு எல்லாம். புருஷன் கொடி கட்டுவார். தம்பி கொடி அவிழ்ப்பான். அடுப்பு எரிந்தது அவளால்தான்.

பசித்தது. மடியில் கட்டி வந்திருந்த வடையைப் பிரித்தாள். வடை சுற்றியிருந்த தாளில் அறிவியல் செய்தி ஒன்று இருந்தது. அவள் வடையைத் தின்றுகொண்டே படித்தாள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். அதற்குக் கீழே, மிகப் பெரிய எடைக்குப் பக்கத்தில் நேரம் மெதுவாகப் போகும் என்று போட்டிருந்தது. எந்த நாட்டு விஞ்ஞானிகள் சொன்னார்கள் என்ற இடத்தில் எண்ணெய்.

தெய்வாத்தாள் கடனைப் பார்த்தாள். கடன் மூச்சு விட்டது.

எழுந்து போய் ஒரு ஈடு இட்லி எடுத்து வந்தாள். தட்டைக் கடனின் விலாவோடு சேர்த்துப் பிடித்தாள். ஆவி மேலே எழுந்து, பாதியில் நின்றது. அப்படியே நின்றது. அவள் சேலையைச் சரிசெய்தாள், மூக்கைச் சிந்தினாள், கடனின் நெற்றியைச் சொறிந்துகொடுத்தாள். ஆவி அசையவே இல்லை.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமல்லொ," என்றாள் கடனிடம்.

திங்கட்கிழமை வந்தது. ஆய்வாளரும் வந்தார். கூடத்தில் வாடிக்கையாளர்கள் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தெய்வாத்தாள் கொப்பரையைத் திறந்து, தட்டில் இட்லியை அடுக்கி, நடைக்குள் காலை வைத்தாள்.

கடன் தரையில் இல்லை. உத்தரத்தில் முட்டிக்கொண்டு மிதந்தது. உடம்பு முழுக்கப் படம். ஓர் ஊசி குத்த இடமில்லாமல் தலைவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படம் ஒட்டிய கடனுக்கு எடை இல்லை. கீழே அவள் புருஷனும் தம்பியும் ஆளுக்கொரு பசை வாளியோடு நின்றார்கள்.

"என்ன பண்ணி வச்சிருக்கறீங்க?"

"அதிகாரி வர்றாரல்லொ புள்ள," என்றார் வேலப்பன். "இது யாரு வாங்குனதுன்னு அவருக்குத் தெரியோணும். அதான் கரண்டித் தலைவரு படத்த ஒட்டுனேன்."

"நானும் அதுக்குத்தானுங்க்கா," என்றான் மாரப்பன். "சீப்புத் தலைவரு படம். தல பக்கமிருந்து ஒட்டியாந்தேன். மச்சான் வால் பக்கமிருந்து வந்தாரு. முதுகுல முட்டிக்கிட்டோம்."

தட்டில் ஆவி மளமளவென்று போய்க்கொண்டிருந்தது. தெய்வாத்தாள் அதைப் பார்த்தாள். எரிகிற அடுப்பு கண்ணெதிரே அணைவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"உரிங்க," என்றாள்.

"என்ற தலைவர் மூஞ்சியில நான் நகத்த வெக்கமாட்டேன்," என்றார் வேலப்பன்.

"என்ற தலைவர் மூஞ்சியில நீங்க வெச்சுருவீங்களாக்கும்?" என்றான் மாரப்பன்.

"நான் ஒட்டுனதுதானடா, மாப்ள."

"ஒட்டுனா உங்குளுதாயிருமா?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் தெய்வாத்தாள். "அவங்கவங்க ஒட்டுனத அவங்கவங்க உரிக்கோணும். அவங்கவங்க தலைவரு மூஞ்சிய அவங்கவங்க தொடவேண்டாம். முடிக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் சோறு கெடையாது."

எதிர்க்கட்சித் தலைவரின் முகத்தைக் கிழிப்பது இருவருக்கும் பிடித்த வேலைதான். கிழித்தால் அவர் மேல் போட்ட பழியும் சேர்ந்து உரிந்து வந்துவிடும் என்பதுதான் சங்கடம். வேலப்பன் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். மாரப்பன் தலையைச் சொறிந்தான். சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசம் வந்தது. அது கொள்கையை விடப் பலமாக இருந்தது.

வேலப்பன் ஏணி மேல் ஏறி வாலிலிருந்து ஆரம்பித்தார். மாரப்பன் காதிலிருந்து ஆரம்பித்தான். தெய்வாத்தாள் கீழேயிருந்து வெந்நீரும் தேங்காயெண்ணெயும் எடுத்துக் கொடுத்தாள். புதுச் சில்வர் பாத்திரத்தில் ஸ்டிக்கர் எடுப்பதுபோல்தான். ஒவ்வொரு முகம் உரிந்து வரும்போதும் கடன் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. கடைசி முகம் வந்ததும் தொப்பென்று தரையில் விழுந்தது. நடை அதிர்ந்தது. தூரத்தில் யாரோ "இட்லி வருதுங்களா?" என்று கேட்டார்கள்.

"வருது," என்று கத்திவிட்டு அவள் புது ஈடு எடுத்தாள்.

மூவரும் கிளம்பினார்கள். தெய்வாத்தாள் இட்லித் தட்டைக் கடனின் விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். வேலப்பன் கையில் சாம்பார் வாளி. மாரப்பன் கையில் தண்ணீர்ச் சொம்பு. கடன் அவர்கள் நடைக்குத் தகுந்தாற்போல் நடந்தது.

வெந்நீரும் எண்ணெயும் பட்டதில் அதன் தோல் கண்ணாடியாகிவிட்டது. உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. ஒரு மேம்பாலம். வரிசையாகப் பள்ளிக்கூட பெஞ்சுகள். ஆஸ்பத்திரிக் கட்டில். அவள் வீட்டு மின்விசிறி. பாதி செதுக்கிய சிலை ஒன்று கையை நீட்டிக்கொண்டு நின்றது. எதைக் காட்டுகிறது என்று தெரியவில்லை. வயிற்றுப் பக்கம், நீச்சல்குளத்தோடு ஒரு பண்ணை வீடு.

"பாலம் நம்முது," என்றார் வேலப்பன்.

"பெஞ்சு நம்முதுங் மச்சான். நல்ல பெஞ்சு."

"நல்ல பெஞ்சுதான். என்ற பையன்கூட உக்காந்து படிச்சான்."

"பாலமும் மோசமில்லீங். பஸ்ஸு சுத்திக்கிட்டுப் போவுமே முன்னெல்லாம்."

மாரப்பன் கடனின் வயிற்றுப் பக்கம் குனிந்து பார்த்தான்.

"பண்ணை வீடு யாருதுங்?"

"தெரியல மாப்ள."

"எனக்குந் தெரியலீங்."

இருவருக்கும் தெரியும். தெய்வாத்தாளுக்கும் தெரியும். நீச்சல்குளத்துக் கரையில் யாரோ துண்டை உதறிக் காயப்போட்டார்கள்.

அதன் பிறகு சண்டை போட ஒன்றும் இல்லை. மாரப்பன் ஒரு பாட்டை விசிலடித்தான். வேலப்பன் வாளியைக் கை மாற்றிக்கொண்டு தாளம் போட்டார். ஆவி தட்டுக்கு மேலே வெள்ளைப் பூண்டு மாதிரி நின்றது. தெய்வாத்தாளுக்குக் கால் வலிக்கவில்லை. இப்படி நிம்மதியாக நடந்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தாள். கூடம் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. பிறகு கதவு அளவில். பிறகு கூடமாகவே.

வெளியே வந்தார்கள்.

வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த இலைகள் காய்ந்து சுருண்டிருந்தன. ஒருத்தி வந்தபோது இடுப்பில் இல்லாத குழந்தை இப்போது அவள் பக்கத்தில் தனி இலை போட்டு உட்கார்ந்திருந்தது. ஆய்வாளர் அதே நாற்காலியில் இருந்தார். மீசை நரைத்து, மூக்கில் கண்ணாடி ஏறியிருந்தது. சட்டைப் பையில் பதவி உயர்வுக்கான பட்டை. மடிப்பு மட்டும் கலையவில்லை.

"ரெண்டு தேர்தல் போயிருச்சுங்க்கா," என்றார். குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார்.

"எல்லாரும் இங்கியேவா இருந்தீங்க?"

"இட்லி வருதுன்னு சொன்னீங்கல்ல. உக்காந்துட்டோம்," என்றார் ஒரு பெரியவர்.

வாசலுக்கு எதிரே சுவரொட்டி ஒன்று இருந்தது. வேலப்பன் அதைப் படித்தார். மாரப்பன் படித்தான். இருவரும் இடம் மாறி நின்று மறுபடி படித்தார்கள். அதில் சீப்புத் தலைவரும் கரண்டித் தலைவரும் கையைக் கோர்த்து உயரத் தூக்கியிருந்தார்கள். கீழே 'இயற்கையான கூட்டணி' என்று எழுதியிருந்தது.

"அப்ப போன தடவ?" என்றான் மாரப்பன்.

"நம்ம ஆட்சிதான் போல," என்றார் வேலப்பன்.

"அதுக்கும் போன தடவ?"

"அதும் நம்முதுதான் போல."

இருவரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். பழக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டு, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மாரப்பனின் முகத்தில் ஒரு மச்சம் இருப்பதை வேலப்பன் அப்போதுதான் பார்த்தார். அது நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

தெய்வாத்தாள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. தட்டை ஆய்வாளர் முன்னால் வைத்தாள். விலாவை விட்டு விலகியதும், நின்றிருந்த ஆவி மொத்தமும் ஒரே மூச்சில் எழுந்தது. கூடமே வெளுத்தது. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெப்பமானியை எடுத்து நடு இட்லியில் குத்தினார்.

தெய்வாத்தாள் முந்தானை நுனியைக் கையில் சுற்றி இறுக்கினாள்.

பாதரசம் ஏறியது. இன்னும் ஏறியது. உச்சியில் முட்டி நின்றது.

"சூடுங்க்கா," என்றார் ஆய்வாளர். "ரொம்பச் சூடு. சீல் வெக்கறதுக்கில்ல."

பெரியவர் கை தட்டினார். குழந்தை இலையைத் தட்டியது. வேலப்பனும் மாரப்பனும் எழுந்து, எந்தக் கோஷம் போடுவதென்று தெரியாமல், "தெய்வாத்தா வாழ்க" என்று போட்டார்கள். தெய்வாத்தாள் சிரித்தாள். அழுகை வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. பரிமாற ஆரம்பித்தாள்.

ஆய்வாளர் அரசு முத்திரையைப் பைக்குள் போட்டார். ஒரு விள்ளல் பிய்த்தார். சாம்பாரில் தோய்த்துத் தின்றார். கண்ணை மூடித் திறந்தார். இலையின் ஓரத்தைப் பார்த்தார். அப்புறம் மறு ஓரத்தைப் பார்த்தார்.

"சட்னிங்க்கா?"

தெய்வாத்தாள் திரும்பி நடையைப் பார்த்தாள். கடன் மறுபடியும் அதில் போய்ப் படுத்திருந்தது.

"உள்ள அரைச்சு வெச்சிருக்குதுங். இருங்க, இதா வந்தர்றேன்."

இலைக்கு முன்னால் இருந்தவர்கள் காலை மாற்றிப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். ஆய்வாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.