மூன்று விரல் நீளம் வடிந்த பெயிண்ட்

நார்பர்ட் டொம்ப்கோ என் பக்கத்து வீட்டுக்காரன். நாற்பத்தாறு வருஷமாக அவனை எனக்குப் பிடிக்காது. அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் டால்மர் கார் ஆலையில் அவன் என் ஃபோர்மேன். அப்போதும் பிடிக்காது. ஆக மொத்தம் ஐம்பத்தைந்து. இதில் ஒரு நாள் கூட நான் லீவு எடுத்ததில்லை.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் 78-ல் ஆலையை விட்டேன். சவப்பெட்டி செய்யும் இடத்தில் வார்னிஷ் அடிக்கப் போய்ச் சேர்ந்தேன். அதே மாசம் பக்கத்து வீடு விலைக்கு வந்தது. லாரியிலிருந்து முதலில் இறங்கியது ஒரு குளிர்பதனப் பெட்டி, இரண்டாவது ஒரு சோபா, மூன்றாவது டொம்ப்கோ. டெட்ராய்ட்டில் அன்றைக்கு விற்பனைக்கு இருந்த வீடுகள் பதினோராயிரமாவது இருக்கும். எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பணி ஓய்வு பெற்ற பிறகு அவன் ஒரு கார் வாங்கினான். 1969-ஆம் வருஷத்து ஸ்கார்ப்பியன். எங்கள் ஆலையில், எங்கள் ஷிப்டில் செய்த வண்டி. ஊரில் அதைத் தேள் என்றுதான் சொல்வார்கள். முன்பக்கம் முழுக்க என்ஜின், பின்பக்கம் பேருக்கு இரண்டு சீட்டு. அவன் வாங்கியபோது அதற்குத் தரை கிடையாது, கதவில் துரு தின்றது போக மிச்சம் கைப்பிடி மட்டும், டிக்கிக்குள் ஒரு மரம் முளைத்திருந்தது. ஒன்பது வருஷம் தன் வீட்டு ஷெட்டிலேயே வைத்து அதற்கு உயிர் கொடுத்தான். அந்த ஷெட் அவ்வளவு சுத்தம். கொசு கூட வாசலில் கால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகும்.

முதல் முறை என்ஜினை எழுப்பியபோது எதிர்வீட்டுப் பல் டாக்டரின் பல்செட், கிளாஸ் தண்ணீருக்குள்ளேயே இரண்டு தடவை மென்றது. எங்கள் சுவரில் மாட்டியிருந்த ஏழு பீங்கான் தட்டுகளில் மூன்று விழுந்தன. மீதி நாலும் தங்களுக்குள் இடம் மாறிக்கொண்டன. என் மனைவி டோலோரஸ் புது வரிசைதான் பார்க்க நன்றாயிருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டாள்.

அந்த வண்டியைப் பிரித்த முதல் வாரத்தில் டொம்ப்கோ வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

"பெனிக், உன் அசிங்கம் ஒண்ணு கிடைச்சுது. தேய்ச்சுட்டேன். நாலு உப்புத்தாள் செலவு."

எனக்குப் புரிந்தது. என்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் இருக்கும். வரிசையில் நகர்ந்து வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அதில் கறுப்புப் பெயிண்ட் அடிப்பதுதான் என் வேலை. மணிக்கு ஐம்பத்தெட்டு வண்டி. எல்லாம் நன்றாகத்தான் அடித்தேன். இடது மூலையில் மட்டும் பெயிண்ட் மூன்று விரல் நீளத்துக்கு வடிந்து, முனையில் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும். ஸ்பிரே கன் ஒழுகுகிறது என்று நான் சொன்னேன். டொம்ப்கோ கேட்கவில்லை. என்னை மூன்று நாள் வேலைக்கு வராதே என்று நிறுத்தி, ரோஸ் காகிதத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினான். காரணம்: கவனமில்லாத கை.

இது எனக்கும் டோலோரஸுக்கும் கல்யாணம் நிச்சயமான மாசம். அவள் அப்பாவும் அதே ஆலையில் அச்சு வார்ப்பவர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் சாப்பிடாமல் படுக்கிற மனுஷர். அந்தக் காகிதத்தைப் படித்தார். கல்யாணத்தைத் தடுக்கவில்லை. ஆனால் சாகும்வரை இருபத்திரண்டு வருஷம், நன்றி நாள் விருந்தில் வான்கோழியை வெட்டும் கத்தியை என்னிடம் கொடுக்கவில்லை. என் பையன் பிறந்தபோது அவனைத் தூக்கக் கேட்டேன். "நீ முதல்ல உட்காரு. மடியில வைக்கிறேன்" என்றார். என் பிள்ளையை என் கையில் தர அவருக்குப் பயம்.

அதனால் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் கையில் குற்றமில்லை என்று டொம்ப்கோ தன் கையால் எழுதித் தரவேண்டும்.

போன வைகாசி வாக்கில், ஒரு வியாழக்கிழமை, அவன் என் வீட்டு முன்வாசலுக்கு வந்து மணி அடித்தான். எண்பத்தோரு வயசு. வேலிக்கு இந்தப் பக்கம் அவன் கால் பட்டது அதுதான் முதல் தடவை.

"என்னய்யா, வழி தவறிட்டியா?" என்றேன்.

"டோலோரஸ் இருக்காங்களா?"

"அவகிட்ட என்ன வேலை உனக்கு?"

"ஒண்ணுமில்ல. அவங்க பக்கத்துல இருந்தா நீ கொஞ்சம் மனுஷன் மாதிரி பேசுவ."

டோலோரஸ் உள்ளேயிருந்து, "அது சும்மா வதந்தி. உள்ள வாங்க நார்பர்ட்" என்றாள்.

அவன் உள்ளே வரவில்லை. மிதியடி மேலேயே நின்று சொன்னான். பழைய தேள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதன் நடுவர், ஹால்வர்சன் என்கிற அம்மா, வீடு தேடி வந்து வண்டியைச் சோதித்து மார்க் போடுவார். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது வாங்கினால் தங்கச் சான்றிதழ். போன மாசம் வந்து பார்த்துவிட்டு, தொள்ளாயிரத்து நாற்பத்தாறு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வருகிற சனிக்கிழமை திரும்ப வருகிறார். அதோடு சரி, அப்புறம் வரமாட்டார்.

"நாலு மார்க்குக்கு என்கிட்ட ஏன் வந்த? போய் நல்லாத் தொடை."

"சுத்தம் பத்தலைன்னு குறைக்கல. சுத்தம் ஜாஸ்தின்னு குறைச்சுட்டாங்க." இதைச் சொல்லும்போது அவன் தாடை ஆடியது. "வண்டி ஆலையை விட்டு எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணுமாம். தகரச் சுவர்ல ஒரு வடிசல் இருக்கணுமாம். இல்லைன்னா அஞ்சு மார்க் போச்சு."

"எந்த வடிசல்?"

"உனக்குத் தெரியும்."

"வயசாயிடுச்சுய்யா. நீயே சொல்லு."

"நீ வடியவிட்டது."

"நான் வடியவிடல. கன் ஒழுகுச்சு."

"கன் ஒழுகல. உன் கை ஒழுகுச்சு."

"அப்ப உன் கையாலயே அடிச்சுக்கோ."

"பதினோரு தடவை அடிச்சுட்டேன்" என்றான். "நேரா வடியுது. அந்த வளைவு வரமாட்டேங்குது."

ஐம்பத்தைந்து வருஷத்தில் நான் கேட்டதிலேயே இனிமையான வாக்கியம் அது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை.

என் நிபந்தனையைச் சொன்னேன். அவன் மிதியடியைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான்.

"சனிக்கிழமை அந்தம்மா அஞ்சு மார்க் போட்டதும் எழுதித் தரேன்."

"இப்பவே எழுது."

"நீ வேலையை முடிக்காம உனக்குக் கையெழுத்துப் போட்டதா சரித்திரம் உண்டா, பெனிக்?"

"உன்கிட்ட வேலை பார்த்துட்டு உயிரோட இருக்கிறதே பெரிய சரித்திரம்" என்றேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் ஷெட்டுக்குப் போனேன். என்ஜினை இறக்கி, சுவரைத் திறந்து வைத்திருந்தான். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு முக்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முகூர்த்தத்துக்கு வந்த கடன்காரன் மாதிரி உட்கார்ந்தான்.

அடித்தேன். சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதில் டொம்ப்கோவின் முகம் அவன் முகத்தைவிட நன்றாகத் தெரிந்தது. ஒரு சொட்டு வடியவில்லை.

"தேய்" என்றான்.

தேய்த்துவிட்டுத் தின்னரைக் கூடுதலாக ஊற்றி அடித்தேன். பெயிண்ட் தண்ணீராக இருந்தது. ஆனாலும் போன இடத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"வேணும்னே நல்லா அடிக்கிற."

"யோவ், இருபத்தெட்டு வருஷம் சவப்பெட்டிக்கு வார்னிஷ் அடிச்ச கை இது. ஒரு வாடிக்கையாளர் கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்ல."

"கெடுக்கச் சொன்னா கெடுக்கத் தெரியல. உனக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடு."

"சம்பளம் தந்தியா நீ?"

மூன்றாவது தடவை கன்னைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். கண்ணைத் திறந்தால் முன்னதைவிட நன்றாயிருந்தது. எனக்கே வெறுப்பாகிவிட்டது. கன்னைக் கீழே வைத்தேன். அவன் முக்காலியை உதைத்தான். ஐம்பத்தைந்து வருஷமாக ஒரு பொருளை இடம் மாற்றி வைக்காத மனுஷன், அதை உதைத்தான்.

டோலோரஸ் சாசேஜ் சாண்ட்விச் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு தட்டு. எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லவுமில்லை. சுவரைப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு?"

"அதான் பிரச்சினை" என்றோம் இரண்டு பேரும். ஒரே நேரத்தில் பேசியதற்காக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம்.

"அப்போ ஆலையில நீங்க அடிக்கும்போது நார்பர்ட் எங்க நிப்பார்?" என்று கேட்டாள்.

"எங்க நிப்பான்? என் முதுகுக்குப் பின்னாடி."

"இப்ப முன்னாடி உட்கார்ந்திருக்கார். போய்ப் பின்னாடி நில்லுங்க நார்பர்ட்."

அவன் சாண்ட்விச்சை முழுசாகத் தின்றுவிட்டு எழுந்து போய்ப் பின்னால் நின்றான். நான் சுவரைத் தேய்த்து, துடைத்து, வலது மூலையிலிருந்து ஆரம்பித்தேன். நடுவுக்கு வந்தேன். எல்லாம் பளபளப்பு. இடது மூலைக்கு வந்தபோது வெங்காய வாடையோடு ஒரு மூச்சு என் காதுக்குள் நுழைந்தது.

"பெனிக். நேரம்."

ஆலையில் தகடு அழுத்தும் இரண்டாயிரம் டன் இயந்திரங்கள் ஓடும்போதும் அந்த இரண்டு வார்த்தை கேட்கும். ஒரு தடவை அவன் பக்கத்துப் பிரிவுக்காரனைப் பார்த்து அப்படிச் சொன்னதில் ஏழு மைல் தள்ளியிருந்த அந்த ஆளின் அண்ணன் சலூன் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினானாம். என் தோள் தானாகத் தூக்கிப் போட்டது. விரல் விசையிலேயே ஒரு நொடி நின்றுவிட்டது. அவனைத் திட்டத் திரும்பினேன், கன்னும் கூடத் திரும்பியது.

பெயிண்ட் மூன்று விரல் நீளம் வடிந்தது. முனையில் வளைந்தது. நின்றது.

கம்ப்ரசர் ஓடி முடித்து அடங்கியது. டொம்ப்கோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, தன் விரலை வைத்து அளந்தான். பிறகு எழுந்து, கை கழுவும் தொட்டிக்குப் போய், பெயிண்டே படாத கையை வெகுநேரம் கழுவினான்.

"கன் இல்ல" என்றேன் அவன் முதுகைப் பார்த்து.

"கன் இல்ல" என்றான்.

"என் கையும் இல்ல."

தண்ணீரை நிறுத்தவில்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குப் பழைய டப்பாக்களுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தேன். சும்மாதான். கை சும்மா இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹால்வர்சன் அம்மா வந்தார். நெட்டையான, சிரிக்காத அம்மா. கழுத்தில் ஒரு டார்ச், கையில் பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரி ஒரு கண்ணாடி. ராத்திரியே டொம்ப்கோ தனியாளாக என்ஜினைத் திரும்ப ஏற்றியிருந்தான். எப்படி ஏற்றினான் என்று கேட்டால் சொல்லமாட்டான், நானும் கேட்கமாட்டேன். அவர் தரையில் படுத்து, கண்ணாடியை விட்டு, தகரச் சுவரின் இடது மூலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து அஞ்சு மார்க் போட்டார். தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று.

பிறகு படிவத்தைத் திருப்பி, "இதைச் செஞ்சது யாருங்க?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் டொம்ப்கோ பேனாவை வாங்கினான். எழுதிக்கொண்டே வாயால் படித்தான். "தகரச் சுவர் வடிசலுக்கு முழுக் காரணம் நார்பர்ட் டொம்ப்கோ. 1969-லும் அவனே. பெயிண்ட் அடித்த ஆர்வில் பெனிக்கின் கையில் எந்தக் குற்றமும் இல்லை." தேதி போட்டான். கையெழுத்துப் போட்டான். "திருப்திதானே?" என்றான்.

"ஒரு நகல் வேணும்" என்றேன்.

அந்த அம்மா படிவத்தை இரண்டு தடவை படித்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அது டொம்ப்கோவைப் பார்த்து வந்தது.

"சார், எங்க சங்கம் முப்பது வருஷமா இந்த ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கு. இதுக்குக் கொடுக்குன்னு பேர். தேளோட கொடுக்கு. ரெண்டாவது ஷிப்டுல செஞ்ச ஒவ்வொரு வண்டியிலயும் இருக்கு. யாரோ ஒரு கலைஞன் ரகசியமா வச்ச கையெழுத்துன்னு எங்க ஆளுங்க மேடை போட்டுப் பேசுறாங்க. ஓஹையோவில ரெண்டு பேர் அதை உடம்புல பச்சை குத்தியிருக்காங்க. வர்ற மாநாட்டுல பேரைக் கல்வெட்டுல போடப்போறோம்."

டொம்ப்கோ மெல்ல முதுகை நிமிர்த்தினான். எண்பத்தோரு வயசில் அவன் இரண்டு அங்குலம் வளர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"மேடம்" என்றேன், "அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க. ஒரு சின்னத் திருத்தம்."

"என்ன திருத்தம்?"

"அது நான் வடியவிட்டது. அந்தக் காலத்துல என் கை சரியில்ல. கவனமே கிடையாது. எழுதிப் பலகையில ஒட்டினாங்க, ஊருக்கே தெரியும்."

"இல்லீங்க மேடம்" என்றான் டொம்ப்கோ. குரலில் அப்படி ஒரு கனிவை நான் கேட்டதில்லை. "அது நான் அவன்மேல போட்ட அபாண்டம். பாவம், அருமையான கை. ஒரு சொட்டு சிந்தாது."

"பொய் சொல்றான். டோலோரஸ், நீ சொல்லு. என் கை எப்படி?"

டோலோரஸ் என்னைப் பார்த்தாள். அந்த அம்மாவைப் பார்த்தாள். அப்பாவுக்கு ஏற்ற மகள், பொய் சொல்ல வராது.

"சுத்தமான கைதாங்க" என்றாள்.