ஊன்றாத கால்

சேவுகம்பட்டிக் கருப்பசாமி கோயில் சுவரில் பேச்சிமுத்து எழுதிய வெள்ளைக் குதிரையைப் பார்த்துப் பூசாரி ஆண்டிச்சாமி முகம் சுளித்தார்.

"ஏப்பா, சாமி இதுல ஏறிப் போறதா, உக்காந்திருக்கிறதா? பெஞ்சு மாதிரில இருக்கு."

சினிமா பேனர்களில் முகம் எழுதியே பழகிய கை அது. உடம்பு சரியாக வராது என்பது பேச்சிமுத்துவுக்கே தெரியும். குதிரையின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு, திண்டுக்கல் ரயிலடி ஜட்கா வண்டி நிறுத்தத்துக்குப் போனான். அங்கே வண்டிக்காரர் கிதர் முகம்மதுவின் கிழட்டுப் பெண்குதிரை சோனாவை, அவரிடம் கேட்டுக்கொண்டு, தொட்டுத் தடவி வரைந்து பார்த்தான். பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தும் மூட்டை இதுவரை முழங்கால் என்றே நினைத்திருந்தான். விரல் வைத்துப் பார்த்தபோதுதான் அது குதிகால் என்று புரிந்தது. முழங்கால் மேலே, வயிற்றோடு ஒட்டி ஒளிந்திருந்தது.

சோனா வலது பின்னங்காலை ஊன்றவே இல்லை.

"எப்பவும் இப்படித்தானா பாய்?"

"லாடம் கட்டுறப்ப ஆணி தப்பா எறங்கிருச்சு தம்பி. அதுலருந்து அந்தக் கால வைக்க மாட்டா."

அந்த வாரமே சோனா செத்துப்போனாள். பேச்சிமுத்து கோயில் சுவரில் அவளையே எழுதினான். படத்தில் எலும்பும் சதையுமாக வந்தாள். சாமி குதிரை நொண்டலாமா என்று நாலு குளம்பையும் தரையில் அழுத்தி ஊன்ற வைத்தான்.

மறுநாள் காலையில் வலது பின்குளம்பில் மட்டும் பெயிண்ட் உதிர்ந்து கிடந்தது. சுவரில் ஈரம்போல என்று சுரண்டி, காயவிட்டு, திரும்பத் தீட்டினான். மறுபடியும் உதிர்ந்தது. மற்ற குளம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை பிரஷ்ஷை வைத்தபோது, காதருகே ஒரு நீண்ட பெருமூச்சு. ஈரப்புல் வாடை. திரும்பினான். வெயிலில் பொட்டல்தான் விரிந்து கிடந்தது.

அந்தக் காலை அழித்தான். குளம்பின் நுனி மட்டும் தரையைத் தொடும்படி மூட்டைத் தளர்த்தினான். வலது இடுப்பைச் சரித்து, பாரம் தாங்கும் இடது இடுப்பை ஏற்றினான். இந்த முறை பெயிண்ட் ஒட்டியது. பிறகு உதிரவே இல்லை.

"இப்பத்தான்யா உசிரு வந்திருக்கு," என்றார் பூசாரி.

 பேச்சிமுத்து ஆள்விட்டுச் சொன்னதும் கிதர் முகம்மது பஸ் ஏறி வந்தார். சுவரை ஒட்டி வந்து நின்றார். பிறகு சுவரில் அந்தக் காலை மேலிருந்து கீழாக நீவிவிட்டார்.

"இப்ப வலிக்காது," என்றார், குதிரையிடம்.

அதன்பின் பேச்சிமுத்துவின் பேனர்களில் ஆட்கள் ஒரு காலில் பாரம் போட்டு இயல்பாக நின்றார்கள்; பேனர் கடை முதலாளி மெச்சினார். குதிரை கேட்டு வந்தவர்களை மட்டும் திருப்பி அனுப்பினான். சேவுகம்பட்டிக்குப் போனாலும், அந்தச் சுவர்க் குதிரையின் வால்பக்கமாக, உதை எட்டும் தூரத்தில் அவன் நடப்பதில்லை.