குடித்த பால்

குழந்தை மார்பை முட்டி முட்டித் தேடியது. அவள் ஒரு கையால் சட்டைப் பொத்தான்களை இறுகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பால்புட்டியை அதன் வாயில் வைத்தாள். அது துப்பிவிட்டு வீடே அதிரக் கத்தியது.

"பெத்தவ போன துக்கம் சரிதான். அதுக்காகப் பச்சப்பிள்ளைய பட்டினி போடுவியா? பாலக் குடுடி," என்றாள் அத்தை.

கூடத்தில் தையல் மெஷினை ஓரங்கட்டிவிட்டு அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். ரத்தப் புற்றுநோய் என்பது எல்லாருக்கும் தெரியும். அது ஒரு வைரஸால் வந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான்கு நாளைக்கு முன் டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இது தாய்ப்பால் வழியாப் பிள்ளைக்கும், புருஷன்கிட்டேருந்து பொண்டாட்டிக்கும் போகும்மா. உங்களுக்கும் இருக்கலாம். ரத்தம் குடுத்துட்டுப் போங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் குழந்தைக்குப் பால் குடுக்காதீங்க. இருந்தாலும் நிறைய பேருக்கு நோயே வராது. பயப்படாதீங்க."

சொல்லிவிட்டுப் போக அவருக்கென்ன! ஐந்து மாதமாகப் பிள்ளை குடித்ததை யார் திருப்பி வாங்குவது? அம்மாவுக்காக அழக்கூட அந்தப் பயம் இடம் விடவில்லை.

பெரியம்மா மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான். பஸ் டிரைவர். பாதி வழியில் வேறு ஆளிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டி அழுதான்.

"எங்கம்மா என்னைப் பெத்துட்டுப் படுத்த படுக்கையா கெடந்தப்ப, சித்திதானே ஒரு வருஷம் பால் குடுத்தாங்க! இந்த உசுரே அவங்க போட்ட பிச்சை!"

ஒரு பக்கம் இவள், மறுபக்கம் இரண்டு மாதம் இளையவனான அவன். வீட்டில் நூறு தடவை சொல்லிச் சிரித்த கதைதான். இன்றைக்குக் கேட்டதும் அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி நிறைமாத வயிற்றோடு நின்றிருந்தாள். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள்.

அந்தப் பெண் வந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள்.

"பாவம், பசிக்குது அண்ணி. எனக்கு மட்டும் இப்பப் பால் இருந்தா நானே குடுத்திருப்பேன்."

அவள் சட்டென்று எழுந்தாள்.

"தம்பி, உள்ள வா. இவளையும் கூட்டிட்டு வா."

"என்னக்கா, இந்த நேரத்துல?"

"வாடா."

உள்ளறைக் கட்டிலில் இருவரும் உட்கார்ந்தார்கள். குழந்தை அவன் விரலைப் பிடித்துச் சப்பத் தொடங்கியிருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு, தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.