ஆதாரத்துக்கு ஒரு வீடியோ

காட்டுத்தீ எரியும் இடத்துக்கு மேலே ட்ரோன் ஒன்று கண்ணில் பட்டால், எங்கள் ஹெலிகாப்டர்கள் எல்லாம் இறங்கியாக வேண்டும். கடைசியாக அதைப் பார்த்ததிலிருந்து இருபது நிமிடம் கழித்துத்தான் மறுபடி கிளம்பலாம். அந்த இரண்டு கிலோ சனியன் ஹெலிகாப்டர் விசிறியில் மாட்டினால் உள்ளே இருப்பவர்கள் உயிரோடு திரும்ப மாட்டார்கள். அந்த உத்தரவை ரேடியோவில் சொல்வது என் வேலை.

அன்று மதியம் மூன்று ஹெலிகாப்டர்கள் ஏரியில் தண்ணீர் மொண்டு சரிவில் ஊற்றிக்கொண்டிருந்தன. சரிவின் கடைசி வீடு என் அக்காவுடையது. அவளையும் அத்தானையும் காலையிலேயே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இன்னும் நாலு நடை ஊற்றினால் வீடு தப்பிவிடும் என்றார் விமானி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த நிமிடமே அவர் குரல். "கன்ட்ரோல், ட்ரோன் ஒண்ணு. எனக்கு நேர் மேல."

மைக்கைப் பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. "எல்லாரும் இறங்குங்க" என்றேன்.

இந்தக் கண்றாவிக்காக மூன்று வருடமாக மேலிடத்துக்கு எழுதுகிறேன். தீப்பிடித்ததும் அந்தப் பகுதி செல்போன்களுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்புங்கள், ட்ரோனை விற்கும்போதே பதிவு செய்யுங்கள், எங்கிருந்து விடுகிறான் என்று காட்டும் கருவி ஒன்று கொடுங்கள். ஒன்பது கடிதம். எல்லாவற்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில். எழுதியவனுக்குக் கை வலித்திருக்குமோ என்னவோ.

பதினெட்டாவது நிமிடத்தில் ட்ரோன் மறுபடி தெரிந்தது. திரும்பவும் முதலிலிருந்து இருபது நிமிடம். விமானி ஹெல்மெட்டும் கையுமாக என் அறை வாசலில் வந்து நின்றார். "இன்னும் எவ்வளவு நேரம்?"

"என்னைக் கேட்டா? அதை விட்டவனைக் கேளுங்க."

அப்போதுதான் போலீஸ்காரர் போன் செய்தார். மேட்டு ரோட்டில் ட்ரோன் விட்ட ஆளைப் பிடித்துவிட்டாராம். "உங்க டிபார்ட்மென்டுங்கறாரு. நீங்களே பேசுங்க."

"மேடம், நான் தலைமை ஆபீஸ்லேருந்து. உங்க பைலுக்காகத்தான் வந்தேன். ட்ரோனால இடைஞ்சல்னு எழுதினா போதாது, வீடியோ ஆதாரம் வேணும்னு பெரியவர் சொல்லிட்டாரு. எவனாவது ட்ரோன் விட்டா மேலேருந்து வீடியோ எடுத்துடலாம்னு நம்ம ட்ரோனை ஏத்தினேன்."

"அதைப் பாத்துதான் ஹெலிகாப்டரையெல்லாம் இறக்கி வெச்சிருக்கோம்!"

"ஆமா மேடம், நீங்க இறக்கினது அப்படியே வீடியோவுல தெளிவா விழுந்திருக்கு. இனிமே உங்க பைல் எங்கயும் நிக்காது."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். போலீஸ்காரர்தான் இணைப்பைத் துண்டித்தார்.

ஹெலிகாப்டர்கள் மறுபடி சரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, விமானி ரேடியோவில், "கடைசி வீட்டுக் கூரை உள்ள விழுந்துடுச்சு" என்றார்.

செல்போனில் அக்கா.

"ஏன்டி, பள்ளிக்கூடத்து மாடியிலேருந்து எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தோம். நல்லா ஊத்திட்டிருந்தவங்க பாதியில ஏன் திரும்பிப் போனாங்க? எந்தப் பாவி போகச் சொன்னான்?"

"நான்தான்க்கா சொன்னேன்" என்றேன்.