முதுகுவலி லீவு

அக்காவுக்கு ஒல்லி தர வேண்டியது எழுநூற்று நாற்பது ரூபாய். அவ்வளவும் முதுகுவலியால் வந்த கடன். அந்த முதுகுவலி அவனுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடம் அது. உருளையில் நசுங்கிச் சுடச்சுட வரும் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை ஒல்லியிடம், மறுமுனை அக்காவிடம். மடித்ததற்குக் கூலி, அதுவும் ஜோடிக்கு. ஒருவர் முறையாக லீவு எடுத்தால் ஆபீஸ் மாற்றாள் அனுப்பும். திடீரென்று நின்றுவிட்டால் மாற்றாள் கிடையாது. மற்றவர் ஒற்றை ஆளாக இழுத்து மடித்துப் பாதிக் கூலியோடு வீட்டுக்குப் போவார். அந்த மீதியை நின்றவர் கொடுத்துவிட வேண்டும். ஆபீஸ் போட்ட விதி இல்லை இது, ஜோடிகளே வைத்துக்கொண்ட வழக்கம்.

ஒல்லி அடிக்கடி நின்றான். நோய் லீவெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. காலையில் போன் வரும். "அக்கா, முதுகு பிடிச்சுக்கிச்சுக்கா."

அக்கா நம்பினாள். ஈர மூட்டையைத் தூக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். இடுப்பில் கட்ட ஒரு பெல்ட் வாங்கிக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு, அவள் மூச்சு வாங்க மூட்டை தூக்குவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிள்ளையைத் தனியாக வளர்ப்பவர்களுக்குச் சம்பளத்தோடு தனி லீவு உண்டு. புருஷனைப் பறிகொடுத்த அக்கா, தன் மகளுக்காக அதை எடுப்பாள். திரும்பி வரும் நாளில் இஸ்திரி மேசையிலிருந்து குரல் வரும். "மகாராணி வந்தாச்சு, கம்பளம் விரிங்கப்பா!" ஒருமுறை ஒல்லியும் தன் பங்குக்கு, "நாமளும் பொண்டாட்டியைத் துரத்திட்டா லீவு கிடைக்கும்போல" என்றான். அன்றைக்கு அவனுக்குத்தான் நிறையச் சிரிப்பு கிடைத்தது. அவன் மனைவி வீட்டை விட்டுப் போய் அப்போதே மாதங்கள் ஆகியிருந்தன.

"ஊருக்குப் போயிருக்கா, அவங்க அம்மாவுக்கு முடியல" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். தனி லீவு கேட்டால் அந்த வாயாலேயே உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு, மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாட்களில் முதுகுவலியே மேல்.

இந்த வாரம் ஒல்லியின் மகளுக்குக் கண்ணோய். காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. ஒட்டுகிற நோய் என்று பள்ளியில் சேர்க்க மாட்டார்கள், பக்கத்து வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். "இன்னொரு தடவை சொல்லாம நின்னா வேற ஆளைப் போட்டுக்குவேன்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் மகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தான், அடுத்த வருஷக் கணக்கில் இரண்டு நாள் கடன் லீவாவது கேட்கலாம் என்று.

ஆபீஸ் ஜன்னல் முன்னால் வரிசை. இஸ்திரிக்காரர் அவனுக்குப் பின்னால். பக்கத்தில் நின்ற அக்கா திரும்பினாள்.

"அடடா, கண்ணு இப்படி வீங்கியிருக்கே! அம்மா எங்கடி தங்கம்?"

மகள் வீங்கிய கண்ணை ஒல்லியின் தோளில் தேய்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. பாட்டிக்கு முடியல. சீக்கிரம் வந்துடுவாங்க."

ஒரு வார்த்தை பிசகவில்லை. அவன் சொல்வது போலவே, அதே இழுப்போடு. சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பது போல அவன் காதருகே "அப்பா?" என்றாள்.

ஒல்லிக்கு உடம்பு கூசியது. ஜன்னலுக்கு உள்ளே இருந்த ஆபீஸ் அம்மா, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"தனி லீவு."

"எந்தத் தனி லீவு? கேக்கல, சத்தமா சொல்லுங்க."

"பிள்ளையைத் தனியா வளர்க்கிறவங்களுக்குக் கொடுக்கறது. வீட்ல நானும் இவளும்தான். அவ போய் ஒரு வருஷம் ஆச்சு."

இஸ்திரிக்காரர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தான். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றார் அந்த அம்மா. "பள்ளிக்கூடத்துல ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. நின்ன நாளுக்கும் சேர்த்துப் போட்டுடலாம்."

அக்கா உள்ளே போய்விட்டாள்.

கண் தெளிந்து மகள் பள்ளிக்குப் போன பிறகு ஒல்லி வேலைக்கு வந்தான். நின்ற நாட்களின் சம்பளம் கைக்கு வந்த அன்றே எழுநூற்று நாற்பதை அக்காவிடம் நீட்டினான். துவைத்து மடித்த பெல்ட்டையும்.

"முதுகு நல்லாத்தான் இருக்குக்கா."

"தெரியுது." எண்ணிப் பார்த்து மடியில் செருகினாள். "நான் தூக்கின மூட்டையெல்லாம் இதுல அடங்குமாடா?"

பெல்ட்டை வாங்கி மேசையில் வைத்தாள்.

"உன் பொண்ணு அவ்வளவு சுத்தமா பொய் சொல்லுது. அதை முதல்ல நிறுத்து."

"நிறுத்திட்டேன்க்கா."

உருளையிலிருந்து விரிப்பு வந்தது. மடிக்கும்போது இரண்டு பேரும் முனையோடு முனை சேர்க்க நடந்து வந்து எதிரெதிரே நிற்க வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் அப்படித்தான். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"காசுக் கணக்கு முடிஞ்சுது. விரிப்பைப் பாரு, உன் பக்கம் கோணுது" என்றாள். பிறகு, "இனிமே ஈர மூட்டை உன்னோடது" என்றாள்.

அவன் போய் முதல் மூட்டையைத் தூக்கினான். நல்ல கனம்.