நொடித்துப்போக மறுத்த எலக்ட்ரீஷியன்

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. அளவு கொடுத்துச் சட்டை தைக்கச் சொல்வதுபோல் சொல்லிச் செய்வித்த கதை. அளவு கொடுத்தவர் என் மாப்பிள்ளை.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். வழக்கம்போல் வாசலில் நின்று கைதட்டினார். (எங்கள் வீட்டு அழைப்புமணி செத்துப் பல வருடமாகிறது. வருகிறவர்கள் கைதட்டிக் கூப்பிடுவார்கள். நான் கதை எழுதி முடிக்கும்போதெல்லாம் ஆட்கள் வந்து பாராட்டிவிட்டுப் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.)

"மாமா, உங்க பொண்ணுக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னேனே மாப்பிள்ளை. நீங்கதான் காதுல போட்டுக்கல."

"வெளையாடாதீங்க மாமா. ஆபீஸ் வேலைய விட்டுட்டு எலக்ட்ரீஷியன் ஆகப் போறாளாம்."

என் மகளுக்கு நாற்பது நெருங்குகிறது. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. கார் இடித்தவர்கள், கூரை பறந்தவர்கள் அனுப்பும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பாள். மாலை வகுப்பில் மின்வேலைப் படிப்பு ஒன்றைச் சத்தம்போடாமல் முடித்திருக்கிறாள். இப்போது ஒரு ஒப்பந்தக்காரர் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் இதை எழுதுகிற இன்றைக்கு மறுநாள், திங்கட்கிழமை, பதில் சொல்ல வேண்டும்.

"மொத ரெண்டு வருஷம் இப்ப வாங்குறதுல பாதிதான் மாமா. வீட்டுக் கடன் கழுத்துல நிக்குது. நான் சொன்னா கேக்கமாட்டா. உங்க கதைன்னா உக்காந்து படிப்பா. ஒரு எலக்ட்ரீஷியன் நொடிச்சுப்போய் நடுத்தெருவுக்கு வர்ற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்."

நல்ல மனிதர். பால் பொங்கிவிடுமோ என்று பயந்து, சூடாகும் முன்பே அடுப்பை அணைக்கிற ரகம். சரி என்றேன். ஒரு ஆளை நடுத்தெருவுக்குக் கொண்டுவருவது எழுத்தாளனுக்கு ஒரு பெரிய வேலையா?

2

முதல் தொடக்கம்: "ஓர் ஊரில் ஓர் எலக்ட்ரீஷியன் இருந்தாள். அவள் மிகவும் ஏ—"

ஏழை என்று எழுதப் போனேன். ஏன் ஏழை? காரணம் சொல்லாமல் ஒருத்தியை ஏழையாக்கினால் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "அவள் பெயர்—"

பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் பாசம் வரும். பாசம் வந்தபின் கெடுக்க வராது. ஆடு வளர்க்கிறவர்களைக் கேளுங்கள்.

பொய்க்கும் ஓர் அடித்தளம் வேண்டுமே என்று, மின்சாமான் கடையில் இரண்டு நாள் முக்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். தெரிந்துகொண்டது இது. பயிற்சிக் காலத்தில் வயிற்றைக் கட்டத்தான் வேண்டும். உரிமம் கைக்கு வந்தால் நிலைமை மாறும். தொழிற்சாலையில் சேர்ந்தால் மாதச் சம்பளம், மருத்துவச் செலவு, தலைக்கு மேல் ஒரு அதிகாரி. தனியாகச் செய்தால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ஒரு வாரம் தொலைபேசி ஓயாமல் அடிக்கும், மறுவாரம் அது உயிரோடு இருக்கிறதா என்று நாமே எடுத்துப் பார்க்க வேண்டும். பணம் வசூலிப்பது தனித் தொழில். "விளக்கு எரியுற வரைக்கும் 'அண்ணே, அண்ணே'ம்பாங்க. எரிஞ்சப்பறம் 'யாருப்பா நீ'ம்பாங்க" என்றார் ஒருவர். சொல்லிவிட்டுத் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பரண்களில் தவழ்ந்த முழங்கால்.

(இந்தத் துறை எனக்கும் புதிதல்ல. இளமையில் ஒருமுறை ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொட்டு வாங்கிய அடியில், மூன்று நாள் டார்ச் இல்லாமலே இருட்டில் நடமாடினேன். நம்பாதவர்கள் என் மகளைக் கேட்கலாம். மறுப்பாள். அப்போது அவள் பிறக்கவே இல்லை, அவளுக்கென்ன தெரியும்?)

3

கெடுக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஊரில் பணமுடையைக் கொண்டுவந்தேன். யாரும் புதுவீடு கட்டவில்லை. என் கதாநாயகி பட்டினி கிடப்பாள் என்று பார்த்தால், புதிதாய்க் கட்ட முடியாதவர்கள் எல்லாரும் பழையதை ஒட்டுப்போட அவளைக் கூப்பிட்டார்கள். முன்னைவிட வேலை.

வெள்ளத்தை விட்டேன். அவளுடைய கருவிப் பெட்டி மிதந்து போனது. நான் கைகளைத் தேய்த்துக்கொண்டேன். தண்ணீர் வடிந்ததும் ஊரிலுள்ள ஸ்விட்ச் பலகைகள் அத்தனையும் நனைந்து கிடந்தன. அவள் வாசலில் வரிசை நின்றது. மிதந்துபோன பெட்டியை வரிசையில் நின்ற ஒருவரே கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லா வேலையும் செய்யும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அது எழுதியது, கணக்குப் போட்டது, பாட்டுக்கூடப் பாடியது. குளியலறைப் பரணில் ஏறச் சொன்னேன். இயந்திரம் என்னைத் திரும்பிப் பார்த்து, "முதலில் என்னைச் செருக ஒரு பிளக் பாயின்ட் போட்டுக் கொடுங்கள், ஆள் இருக்கிறதா?" என்று கேட்டது.

கோபத்தில் ஓர் அரசனை வரவழைத்து மின்சாரத்தையே தடைசெய்தேன். மக்கள் இரவோடிரவாகக் கூரையில் சூரியத் தகடு பதித்தார்கள். பதித்துக் கொடுத்தது யார்? ஆறாம் பக்கத்தில் அவள் கையில் தங்க வளையல். நான் வாங்கிக் கொடுக்கவில்லை, சத்தியம். அரசன் வீட்டுக் கொல்லைப்புற விளக்குக்கும் அவள்தான் ஆள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்கு பிடிக்க உட்கார்ந்தேன். என்ன செய்தாலும் தும்பிக்கை முளைக்கிறது.

4

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது.

"மழை நாள். தரையெல்லாம் ஈரம். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, ஏணியின் மேல்படியில் நின்று அவள் கையை நீட்டியபோது—"

இந்த வாக்கியம் இவ்வளவுதான்.

நான் கருணைமிக்க எழுத்தாளன் அல்ல. ஒரே பத்தியில் ஒரு படையையும் அதன் யானைகளையும் கொன்றிருக்கிறேன், காற்புள்ளிகூட வைக்காமல். ஆனால் பென்சிலைக் காதில் செருகிக்கொள்வது என் மகள். அதை நான் யோசித்து எழுதவில்லை, கை எழுதிவிட்டது. பெயர் வைக்காமல் தப்பித்தேன் என்று நினைத்திருந்தேனே.

பேனாவை மூடினேன். மாப்பிள்ளை அன்றைக்குக் கடனைப் பற்றித்தான் பேசினார். ஆனால் பேசும்போதெல்லாம் அவர் பார்வை எங்கள் சுவரில் தொங்கிய பழைய வயர் மீதே இருந்தது. பயம் கடனுக்கு மட்டும்தானா?

5

நேற்று மகள் வந்தாள். தாள்களை மேசையில் விட்டுவிட்டுத் தேநீர் போட உள்ளே போனேன். (மறந்து விட்டுவிட்டுப் போனதாக எழுதத்தான் நினைத்தேன். உங்களிடம் எதற்கு?) திரும்பி வருகையில் படித்து முடித்திருந்தாள்.

"அப்பா, இது யாரு, நானா?"

"கற்பனை."

"கற்பனை காதுல எதுக்கு என் பென்சில்?"

"அவகிட்டயே கேளு."

"இத எழுதச் சொன்னது அவருதானே?"

நான் தேநீரை ஆற்றினேன். ஏற்கெனவே ஆறிய தேநீர். அவள் காதிலிருந்து பென்சிலை எடுத்து, நான் விட்ட வாக்கியத்தின் பக்கத்தில் எழுதினாள்: *மெயின் ஸ்விட்ச் அணைந்திருந்தது. அணைத்தது அவளேதான். ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டும் போட்டிருந்தாள். சாவி அவள் பையில்.*

"இதாம்பா மொதப் பாடம். பூட்டிட்டு, சாவிய நம்மகிட்ட வச்சுக்கிட்டுத்தான் ஏணியில ஏறணும். அப்பக்கூட கரண்ட் இல்லையான்னு டெஸ்டர வச்சுப் பாத்துட்டுத்தான் தொடுவேன்."

"சம்பளம்?"

"கம்மிதான். ரெண்டு வருஷம் இழுத்துப் புடிக்கணும். பொய் சொல்லமாட்டேன்."

"இருக்குற வேலை நிலையானதுன்னு மாப்பிள்ளை சொல்றாரே."

அவள் சிரித்தாள். "எங்க வரிசையில ஒவ்வொருத்தரா வேலைய விட்டு அனுப்பிட்டாங்க, இப்ப நான் மட்டும்தாம்பா. மத்த நாற்காலியில எல்லாம் மழைக்கு ஈரக்குடைய விரிச்சு வைக்கிறோம். அடுத்த மழைக்கு என் நாற்காலியில யாரு குடையோ."

"இத அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னா பயப்படுவாரு."

"இப்ப மட்டும் என்ன, தூங்குறாராக்கும்? நீ ஏணியிலேருந்து விழுறதத்தான் நெனச்சுக்கிட்டிருக்காருன்னு தோணுது எனக்கு."

இதை அவள் யோசித்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கோப்பையைக் கழுவி வைத்தாள். வாசல் பக்கம் போய் வெகுநேரம் என்னவோ குடைந்துகொண்டிருந்தாள். நடுவில் வீட்டில் மின்சாரம் போய்விட்டுத் திரும்பி வந்தது. போகும்போது, "கதையக் கிழிச்சுராதீங்கப்பா, அவரு படிக்கட்டும்" என்றாள்.

6

முடிவுகள் என்னிடம் சில இருக்கின்றன. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அ. அவள் நாளைக்குச் 'சரி' என்கிறாள். இரண்டு வருடம் பழைய செருப்பிலேயே ஓடுகிறது. அப்புறம் மாப்பிள்ளைக்கே பால் பொங்கப் பொறுமை வந்துவிடுகிறது.

ஆ. அவள் அலுவலகத்திலேயே இருக்கிறாள். மழை வருகிறது. (இதை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.)

இ. அரசன் அவளுக்குப் பாதி ராஜ்யம் கொடுக்கிறான். அவள் வயரிங்கைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறாள்.

சொந்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இன்று உட்கார்ந்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கையில் வாசலில் கைதட்டல் கேட்கிறது. மாப்பிள்ளைதான். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்திருக்கிறார். நான் தைத்தது வேறு ஆளுக்குப் பொருந்துகிற சட்டை.

கைதட்டல் பாதியில் நிற்கிறது.

அழைப்புமணிப் பொத்தானுக்கு மேல் மகள் ஒரு துண்டுத்தாள் ஒட்டிவிட்டுப் போனதைக் காலையில்தான் பார்த்தேன். பென்சில் எழுத்து: *அழுத்தவும்.*

மணி அடிக்கிறது.

பல வருடம் கழித்து. எனக்கே தூக்கிவாரிப்போடுகிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்கிறது. மறுபடியும் அடிக்கிறது, இம்முறை நீளமாக. கையை எடுக்க மனமில்லாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார் போல.

எனக்கு மூட்டு வலி. நீங்கள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? எழுந்து போய்க் கதவைத் திறங்கள். தாள்கள் மேசைமேல் இருக்கின்றன, அவள் பென்சிலால் எழுதிய பக்கத்தை மேலே வைத்திருக்கிறேன். ஆனால் அவர் அதைக் கேட்பதற்கு முன், "மணிய யாரு சரி பண்ணினது?" என்றுதான் கேட்பார்.

"எலக்ட்ரீஷியன்" என்று சொல்வதா, "உங்கள் மனைவி" என்று சொல்வதா, அது உங்கள் பாடு.