ஜாடியில் நின்ற தண்ணீர்

விமானம் ஓட்டுகிறவரை ஊருக்கே தெரியும். அதற்கு எண்ணெய் ஊற்றுகிறவரை யார் கண்டுகொள்கிறார்கள்? அந்த விமானப் படைத்தளத்தின் எரிபொருள் பிரிவுக்கு இந்த மனக்குறை வெகுநாளாக உண்டு. ஆண்டின் சிறந்த பிரிவு என்கிற விருது போன வருஷம் சமையல்கூடத்துக்குப் போனது. அதற்கு முந்தின வருஷம் ஓடுபாதையோரம் புல் வெட்டுகிறவர்களுக்கு.

"நாம ஊத்தலன்னா புல்லுக்கு மேல என்ன பறக்கும், வெட்டுக்கிளியா?" என்று பொங்கினார் டேங்கர் லாரி ஓட்டுநர். லாரிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் பொங்கினார். அவருக்குச் சோப்பு அண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் கழுவிவிடுகிற மனுஷர்.

இந்த வருஷம் ஒருவழியாக விருது எரிபொருள் பிரிவுக்கே வந்துவிட்டது. "ஆண்டு முழுவதும் எரிபொருளால் ஒரு விமானம்கூடத் தாமதமானதில்லை" என்று பாராட்டுரையில் ஒரு வரி. அந்த வரியைத் தளபதி மேடையில் வாசிக்கும்போது நான்கு விமானங்கள் வரிசைகட்டித் தலைக்கு மேலே பறக்க வேண்டும் என்று ஏற்பாடு.

பிரிவின் தலைவிக்குத் தெளிவக்கா என்று பட்டப்பெயர். தினமும் காலையில் லாரியின் அடிக்குழாயில் ஒரு கண்ணாடி ஜாடி எண்ணெய் பிடிப்பாள். சுழற்றுவாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், "தெளிவு" என்பாள். அதற்கப்புறம்தான் எந்த விமானத்துக்கும் எண்ணெய் போகும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் அடியில் இறங்கி முத்து முத்தாக நிற்கும். உயரே போனதும் அந்தத் தண்ணீர் உறைந்து குழாயை அடைத்தால், இன்ஜின் நடுவானில் மூச்சை நிறுத்திவிடும். சோப்பு அண்ணன் அவளைவிட எட்டு வயது மூத்தவர். அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

இப்படி ஊரே அக்கா என்கிறவளை அவள் அம்மா மட்டும் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "விமானப்படையில ஆபீஸ் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். படித்து, சீருடை போட்டு, கடைசியில் எண்ணெய் ஊற்றுகிறாள் என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு எழாது. தெளிவக்கா இதைச் சிரித்து மழுப்புவாள். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும். ஒரே ஒரு தடவை, யாரோ ஒருத்தரிடம், அம்மா தன் வாயால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதற்காகவே தளபதியின் உதவியாளரைக் கெஞ்சி முதல் வரிசையில் இடம் பிடித்து, அம்மாவைக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தாள்.

விழா நாள் காலை. ஒரு லாரியைக் காலி செய்து, குழந்தைகள் ஏறிப் பார்க்கட்டும் என்று வாசலில் நிறுத்தியாயிற்று. மிச்சம் ஒரே லாரி. அதிலிருந்துதான் அந்த நான்கு விமானங்களுக்கும் ஊற்ற வேண்டும். தெளிவக்கா ஜாடியில் எண்ணெய் பிடித்துச் சுழற்றித் தூக்கினாள். அடியில் ஏழெட்டு முத்துக்கள் உருண்டன.

மறுபடி சுழற்றிப் பார்த்தாள். முத்துக்கள் போகவில்லை.

"அக்கா, பதறாதீங்க" என்று ஓடிவந்தார் சோப்பு அண்ணன். "அது லாரித் தண்ணி இல்ல, ஜாடித் தண்ணி. விருந்தாளிங்க வர்றாங்களேன்னு காலையில நான்தான் ஜாடியக் கழுவினேன். துடைக்க மறந்துட்டேன்."

"ஜாடியில தண்ணியே படக்கூடாதுன்னு தெரியாதா அண்ணே?"

"தெரியும்க்கா. இன்னைக்கு ஒரு நாள் பளபளன்னு இருக்கட்டுமேன்னு நெனச்சேன். வேற ஜாடி கொண்டாரேன். திரும்பப் பிடிச்சுப் பாத்துட்டு ஊத்திடலாம். நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியும்?"

அந்த யோசனை ஆசை காட்டத்தான் செய்தது. அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். காய்ந்த ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மேடை இருந்தது, அந்த வரி இருந்தது, முதல் வரிசையில் அம்மா இருந்தாள். ஆனால் இந்த மனுஷர் ஜாடியோடு நிறுத்துகிற ஆளா?

"அண்ணே, நேத்து சாயங்காலம் லாரியையும் கழுவினீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"மேல ஏறி, டேங்க் மூடிப் பக்கமும் தண்ணி அடிச்சீங்களா?"

"அடிச்சேன். மூடி இறுக்கமாத்தான் இருந்துச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருந்திருக்கணும்" என்றார்.

அந்த ஒரு சொல் போதும். தெளிவக்கா போனை எடுத்துக் கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். "விமானங்கள நிறுத்தி வைங்க. எண்ணெய் வராது."

"விழா ஆரம்பிச்சாச்சும்மா. எவ்வளவு நேரமாகும்?" என்றது மறுமுனை.

"லாரி அசையாம நிக்கணும். அடி எண்ணெய வடிக்கணும், மூடியக் கழட்டி உள்பக்க ரப்பர் வளையம் நனைஞ்சிருக்கான்னு பாக்கணும், மறுபடி ஜாடி பிடிக்கணும். அவசரப்படுத்தினா தண்ணி அடியில இறங்காது."

சற்று நேரத்தில் மைதானத்து ஒலிபெருக்கி கணீரென்று சொன்னது: "எரிபொருள் பிரிவின் காரணமாக விமான அணிவகுப்பு தாமதமாகிறது." ஒரு வருஷ உழைப்பு ஒரே அறிவிப்பில் போயிற்று. சோப்பு அண்ணன் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தெளிவக்காவுக்கு அம்மாவின் முகம்தான் கண்முன் வந்தது. ஆபீஸ் வேலை என்றே சொல்லிவைத்தது நல்லதாய்ப் போயிற்று என்றுதான் அம்மா இப்போது நினைப்பாள்.  லாரியின் மூடியைக் கழற்ற ஏறினாள்.

மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ரப்பரில் ஈரமே இல்லை. காய்ந்த ஜாடியில் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு முத்துகூட இல்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் சோப்பு அண்ணன், அழாத குறையாக.

"நீங்க சொன்னீங்க அண்ணே. ஜாடி இப்பத்தான சொல்லுது" என்றாள் அவள். "ஊத்துங்க."

மைதானத்தில் தளபதி பேச்சை இழுத்து இழுத்து, தன் பள்ளிக்கூடக் கதை வரைக்கும் வந்துவிட்டிருந்தார். ஒருவழியாக விமானங்கள் பறந்தன. சனம் கைதட்டியது. பெட்டி போட்டுத் தேய்த்து வைத்த சீருடையை மாற்ற நேரமில்லாமல், அழுக்கு வேலையுடுப்போடு எரிபொருள் பிரிவு மேடைக்கு ஓடியது. தளபதி பாராட்டுரையைப் பிரித்தார். "ஆண்டு முழுவதும் எரிபொருளால் ஒரு விமானம்கூட..."

"மன்னிக்கணும் சார்" என்றாள் தெளிவக்கா. "அந்த வரி இப்ப சரியில்ல. இன்னைக்குக் காலையில தாமதமாச்சு. நான்தான் நிறுத்தினேன்."

"சும்மா இருங்கக்கா, கேடயம் கைக்கு வரட்டும்" என்று முதுகுக்குப் பின்னால் சோப்பு அண்ணன் பல்லைக் கடித்தார். பக்கத்திலிருந்த மைக் அதையும் ஊருக்குச் சொல்லிவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தளபதி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். பிறகு உதவியாளரிடம் திரும்பி, "நாலு விமானமும் இறங்கிடுச்சா?" என்று கேட்டார்.

"இறங்கிடுச்சு சார்."

"அப்ப இது போதும்" என்று கேடயத்தை அவள் கையில் கொடுத்தார்.

கேடயத்தைச் சோப்பு அண்ணனிடம் தள்ளிவிட்டு அவள் முதல் வரிசைக்குப் போனாள். கால் தயங்கித் தயங்கித்தான் நகர்ந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் முதலாகப் பறந்த விமானத்தின் விமானியுடைய மனைவி.

"அந்த அறிவிப்பு வந்தப்ப நான் கண்டபடி திட்டிட்டேன்மா" என்று அந்தப் பெண் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீங்க ஒண்ணுமே பேசல. மேடையில பேசினாங்களே, அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

தெளிவக்கா அப்படியே நின்றுவிட்டாள். அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். தலை கலைந்து, சட்டையெல்லாம் எண்ணெய்க் கறையோடு நின்ற மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் பொண்ணு" என்றாள், பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "எண்ணெய் ஊத்துறவ. உங்க வீட்டுக்காரர் விமானத்துக்கும் அவதான் ஊத்துறா."

 அந்தப் பெண் குழந்தையை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு எழுந்து வந்து தெளிவக்காவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"தள்ளிக்குங்கம்மா, எண்ணெய் வாடை உங்க மேல ஒட்டிக்கும்" என்று கூச்சத்தில் நெளிந்தாள் தெளிவக்கா.

"ஒட்டட்டும்" என்றாள் அம்மா.